பூரணவதனிக்குப் பிறந்த வீடுகள்

நாவல்விடுதியில் பூரணவதனி செத்த அன்றைக்கு, மங்களம் பாடி, தேங்காய் உடைத்து, சீன் திரையை அவிழ்த்துச் சுருட்டுகிற நேரத்தில், ராணி பூரணவதனி வேஷம் கட்டிய இருளாயி எப்போதும்போல முழங்கையை ஊன்றி எழுந்துகொண்டாள், ராணி எழுந்திருக்கவில்லை. இருளாயி படுத்திருந்த இடத்திலேயே ராணி கிடந்தாள். அதே ரோஸ் பவுடர், அதே ஜிகினா கிரீடம், மார்புவரை போர்த்திய அதே மஞ்சள் கோடிச் சேலை, கடைவாயில் விஷம் என்று பேர் பண்ணி ஒழுகவிட்ட அதே நீலச் சாயம். எழுந்தவள் தன் தலையைத் தொட்டுப் பார்த்தாள். அங்கேயும் ஒரு கிரீடம் இருந்தது.

"டேய் ஜம்பு, இங்க வாடா."

பபூன் ஜம்புலிங்கம் பாதி மீசையைப் பிய்த்த முகத்தோடு வந்து, நிற்கிறவளையும் கிடக்கிறவளையும் மாறி மாறிப் பார்த்தான்.

"ரெண்டு டீயா சொல்லணுமாக்கா?" என்று கேட்டுவிட்டு, குனிந்து, கிடப்பவளின் பாதத்தைத் தொட்டான். பிறகு தன் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு, "ஒரு டீ போதும்," என்றான்.

சாவு என்று அந்த இடத்தில் சொன்னது அவ்வளவுதான். யாரும் அலறவில்லை. வருஷம் தவறாமல் தங்கள் கண் முன்னால் செத்துக்கொண்டிருந்தவள் இந்த வருஷம் கொஞ்சம் அதிகமாகச் செத்துவிட்டாள் என்பதுபோல ஜனங்கள் பாயைச் சுருட்டாமல் அப்படியே நின்றார்கள். அடுத்தது என்ன செய்ய வேண்டும் என்பதுதான் ஊருக்குக் கவலையாக இருந்ததே ஒழிய, இது எப்படி என்று கேட்க அன்றைக்கும் ஆளில்லை, பிறகும் ஆளில்லை.

பூரணவதனி சரித்திரத்தின் கதை இவ்வளவுதான். ராஜா யுத்தத்துக்குப் போய்த் திரும்பி வருகிறான். கோட்டை வாசலில் வேலையில்லாத ஒருத்தன், நீங்கள் இல்லாத நாளில் ராணி மாடத்தில் நின்று தெருவைப் பார்த்துச் சிரித்தாள் என்கிறான். சிரித்தாயா என்று ராஜா கேட்கிறான். சிரித்தேன் என்கிறாள் அவள். யாரைப் பார்த்து என்று கேட்க அவனுக்கு வாய் வரவில்லை, கிண்ணத்தில் விஷத்தை ஊற்றி நீட்டுகிறான். கற்பை நிரூபிக்க அவள் அதைப் பாட்டுப் பாடிக்கொண்டே குடித்துச் சாகிறாள். செத்த பிறகு தோழி ஓடிவந்து, அவள் சிரித்தது மதிலில் ஓடிய இரண்டு அணில்களைப் பார்த்து என்று சொல்கிறாள். ராஜா மண்டியிட்டு அழுகிறான். கூட்டம் அவனோடு சேர்ந்து அழுகிறது. மங்களம். அணிலைப் பார்த்துச் சிரித்ததால் உத்தமி என்றால், ஆளைப் பார்த்துச் சிரித்திருந்தால் விஷம் நியாயம்தான் என்று ஆகிவிடுகிறதே என்று அந்த நாடகத்தைப் பார்த்த எந்த ஊரும் கேட்டதில்லை. கேட்டால் நாடகக் கம்பெனி நடத்துகிற அருணகிரி வாத்தியார், இதெல்லாம் பழைய பாட்டும்மா, பெரியவங்க கட்டுனது, என்பார். பெரியவர்கள் கட்டியதால் விஷம் சர்பத் ஆகிவிடுமா என்று கேட்டால் ஆர்மோனியப் பெட்டியைத் துடைக்க ஆரம்பித்துவிடுவார்.

அந்த நாடகத்துக்கு ஒரு முறைமை இருந்தது. மற்ற கம்பெனிகள் விடிய விடிய ஆடியபோதும் அருணகிரி வாத்தியாரின் கம்பெனி பகலில்தான் ஆடும். மத்தியானச் சோறு உண்டு வந்து ஜனங்கள் உட்கார்ந்தால், விளக்கு வைக்கிற நேரத்தில் ராணி சாக வேண்டும். செத்த ராணிக்கு அப்பன் ஆத்தாள் இல்லை, தாமரைக் குளத்தில் கண்டெடுத்த பிள்ளை என்று பாட்டு சொல்வதால், அவளுக்குப் பிறந்த வீட்டுக் கோடி போட ஆள் கிடையாது. ஆகவே நாடகம் நடக்கிற ஊரே பிறந்த வீடாகி, ஊர்த் தலைமை பார்க்கிற அம்பலத்தார் வீட்டுப் பெண்கள் தாம்பாளத்தில் புதுச்சேலை எடுத்துவந்து, மேடையில் ஏறி, அவளைப் போர்த்துவார்கள். கோடி போட்டு மங்களமும் பாடினால் மழை பெய்யும். மங்களம் பாடும்முன் எழுந்து வீட்டுக்குப் போனால் போன வீட்டில் விளக்கு நிற்காது. இருளாயியின் இரும்புப் பெட்டி முழுக்க இப்படிச் செத்துச் சம்பாதித்த சேலைகள்தான் இருந்தன. தஞ்சாவூரில் நர்ஸ் படிக்கிற அவள் மகள் செவ்வந்தி அவற்றில் ஒன்றைக்கூடத் தொடமாட்டாள். "நீ பொணமாப் படுத்து வாங்குனத நான் கட்டிக்கிட்டு வார்டுல நிக்கணுமாம்மா?" என்பாள்.

நோட்டீசில் அவள் பெயர் இந்திராணி. இருளாயி என்ற பெயரோடு ராணி வேஷம் கட்டினால் ஊர்க்காரன் ஒத்துக்கொள்ளமாட்டான் என்று வாத்தியார் வைத்தது. பெயரை மாற்றினாலும் அவள் எந்தத் தெருவில் பிறந்தவள் என்பது எல்லா ஊருக்கும் தெரியும். தெரிந்தும், அரிதாரம் பூசியிருக்கும்வரை தெரியாததுபோல இருப்பது என்று ஒரு ஏற்பாடு. அந்த ஏற்பாட்டுக்குத்தான் நாவல்விடுதியில் அன்றைக்கு ஆபத்து வந்தது.

"கோடி போட்டது நாமதானே. பொறந்த வீடு நாம. தூக்கிப் போட வேண்டியதும் நாமதான்," என்றார் நாவல்விடுதி அம்பலம்.

"எங்க தூக்கிப் போடுறது?" என்றார் பக்கத்திலிருந்தவர்.

"நம்ம மயானத்துலதான். ராச வம்சம்ல."

"ராச வம்சம்தான், இல்லங்கல. மூஞ்சியக் கழுவுனா என்ன வம்சம்னு உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்."

இந்தப் பேச்சு இருளாயிக்கு ஒரு முழத் தூரத்தில் நடந்தது. அவள் அங்கே நிற்பதை யாரும் பொருட்படுத்தவில்லை. கிடப்பவளைப் பற்றித்தானே பேச்சு.

போலீஸ் வந்தது. சப் இன்ஸ்பெக்டர் இளவயசுக்காரர், தொப்பியைக் கழற்றி வைத்துவிட்டு நிதானமாகக் கேட்டார்.

"செத்தது யாரு?"

"பூரணவதனி."

"புருஷன் பேரு?"

எல்லாரும் ராஜபார்ட் கதிரேசனைப் பார்த்தார்கள். "சார், நான் டீக்கடை வச்சிருக்கேன் சார். நடிக்கத்தான் சார் வந்தேன்," என்றான் அவன், கழுத்து மாலையைக் கழற்றிக்கொண்டே.

"கொன்னது?"

"ராசா," என்றது ஊர், ஒரே குரலில், கொஞ்சம் பெருமையாகக்கூட.

காணாமல் போனவர் யாருமில்லை, புகார் கொடுக்கவும் ஆளில்லை. செத்தவளின் முகமுடையவள் எதிரில் நின்று வாய் கொப்பளித்துக்கொண்டிருந்தாள். சப் இன்ஸ்பெக்டர் தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டு, "விடியறதுக்குள்ள காரியத்தை முடிங்க," என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஊர் கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தது. அந்த ஊருக்கு மட்டுமே தோன்றக்கூடிய முடிவு. ராணியை ஊர் மயானத்தில் புதைப்பது, ஆனால் அரிதாரத்தோடு புதைப்பது. அப்படிச் செய்தால் கோடி போட்ட கடமையும் தீர்ந்தது, மயானமும் தப்பித்தது. ஆனால் குளிப்பாட்டாமல் எப்படிப் புதைப்பது? அம்பலத்தார் வீட்டுப் பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அப்புறம் எல்லாருமாக இருளாயியைப் பார்த்தார்கள்.

"நீயே குளிப்பாட்டிரு தாயி," என்றார் அம்பலம், மரியாதையாகவே. "மூஞ்சிய மட்டும் விட்டுரு."

தண்ணீர் டேங்கர் ஓரத்தில், சீன் திரையைச் சுற்றிலும் கட்டி மறைத்து, இருளாயி தன்னைத் தானே குளிப்பாட்டினாள். வெதுவெதுப்பாகத் தண்ணீர் வைத்துக் கொடுத்தது ஜம்புதான். முகத்தை விட்டுவிட்டு, கழுத்திலிருந்து ஆரம்பித்து, கை, அக்குள், விலா என்று அவள் தேய்த்துக்கொண்டு வந்தபோது, கிடப்பவளின் இடது முன்கையில் தழும்பு ஒன்று தட்டுப்பட்டது. வெந்து சுருங்கிய தோல், உள்ளங்கை அகலத்துக்கு. இது நம்மளதாச்சே என்று தன் கையைத் திருப்பிப் பார்த்தாள். அவள் கையில் ஒன்றும் இல்லை. தோல் வழவழவென்று இருந்தது.

"ஜம்பு, என் கையில ஒரு தழும்பு இருந்துச்சுல்ல. அது என்னா?"

திரைக்கு வெளியே முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தவன், "என்னாக்கா கேக்குறீங்க? வடிகஞ்சிய ஊத்துனாருன்னு சொன்னீங்களே, ஒங்க வீட்டுக்காரரு. அதோடதான வீட்ட விட்டு வந்தீங்க," என்றான்.

"அப்படியா சொன்னேன்," என்றாள் அவள். யோசித்துப் பார்த்தாள். வீட்டை விட்டு வந்தது ஞாபகம் இருந்தது. எதற்கு வந்தோம் என்பது மட்டும் இல்லை.

நாவல்விடுதியில் மழை பெய்தது. அது போதாதா. கருங்குழிப்பட்டி கூப்பிட்டது. அங்கேயும் ஒருத்தி எழுந்தாள், ஒருத்தி கிடந்தாள். அதற்கடுத்த ஊரிலும் அப்படியே. அதிசயம் என்பது முதல் தடவைதான் அதிசயம். பிறகு அது வேலை. ஊர்கள் வேலையைப் பழகிக்கொண்டன. மேடைக்குக் கால் நடுகிறவர்களே போகிற போக்கில் குழியையும் வெட்டிவைத்தார்கள். தாம்பூலம் மாற்றும்போதே குழி யார் செலவு, பாடை யார் செலவு என்று பேசிக்கொண்டார்கள். மைக் செட்காரர் நாடகம் முடிந்ததும் ஒப்பாரிக்கு மைக்கைத் திருப்பிவைத்தார். ராணியைப் புதைத்த மேட்டைச் சுற்றிச் சிலர் கம்பி வேலி போட்டார்கள், சிலர் டைல்ஸ் ஒட்டினார்கள். ராணிக்கு எது பிடிக்கும் என்று படையல் போட வந்தவர்கள் கேட்டபோது, ஜம்பு வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல் டீயும் பன்னும் என்று சொல்லிவைக்க, அந்த வட்டாரம் முழுக்க ராணி மேடுகளில் இலை போட்டு டீயும் பன்னும் படைக்கிற வழக்கம் வந்தது. எங்கள் ராணிதான் அசல், அவர்கள் ஊரில் கிடப்பது கருங்குழிப்பட்டியில் செத்தவளின் மிச்சம் என்று இரண்டு ஊர்கள் பஸ்சை மறித்துச் சண்டை போட்டன. ராணி மேடு இல்லாத ஊரில் பெண் கொடுக்க யோசித்தார்கள். மழை சில ஊரில் பெய்தது, சில ஊரில் பெய்யவில்லை. பெய்யாத ஊர்க்காரர்கள் கோடியில் நைலான் கலந்திருந்தது என்றோ குழி தெற்கு பார்த்திருந்தது என்றோ காரணம் கண்டுபிடித்துக்கொண்டு மறு வருஷத்துக்கும் தேதி வாங்கினார்கள். ராணியை ஏன் சாகடிக்க வேண்டும் என்பதைத் தவிர மற்ற எல்லாவற்றைப் பற்றியும் அந்த வட்டாரம் யோசித்தது.

எல்லா ஊரிலும் மாறாமல் இருந்தது ஒன்றே ஒன்று. நீயே குளிப்பாட்டிரு தாயி. மூஞ்சிய மட்டும் விட்டுரு.

இருளாயி குளிப்பாட்டினாள். நாடகம் முடிந்து மற்றவர்கள் வேஷம் கலைத்து டீ குடித்து வேனில் ஏறி அசந்துவிடும்போது அவள் ஒரு உடம்பைத் திருப்பிப் போட்டு முதுகு தேய்த்துக்கொண்டிருப்பாள். செத்தவளைத் தூக்குவது எவ்வளவு கனம் என்று உயிரோடு இருக்கிறவளுக்குத்தான் தெரியும், அதிலும் தன்னையே தூக்குகிறவளுக்கு. இந்தப் பக்கம் ராஜா மண்டியிட்டு ஒரு பாட்டு அழுகிறான், அதோடு அவன் கணக்கு தீர்ந்தது, பாவம் மனுஷன் எப்படி அழுதான் பார் என்று கிழவிகள் சோடா வாங்கிக் கொடுக்கிறார்கள். ஒவ்வொரு ஊரிலும் ராணியோடு சேர்ந்து அவளுடைய ஏதோ ஒன்றும் போனது. பிடரியில் இருந்த மச்சம் போனது. காது அறுந்த வடு போனது. கண்ணுக்குக் கீழே இருந்த சுருக்கம் போனது. வேஷம் கட்ட இப்போதெல்லாம் பவுடர் குறைவாகவே ஆகிறது என்று வாத்தியார் சந்தோஷப்பட்டார். "கொமரி மாதிரி ஆயிட்டம்மா இந்திராணி. அந்த ராணியே வந்து நிக்கிறாப்ல இருக்கு," என்றார்.

உள்ளங்காலில் இருந்த வடு போனதைத்தான் அவள் உடனே கவனிக்கவில்லை. காலனிப் பிள்ளைகள் மேலத்தெருவில் செருப்புப் போடக்கூடாது என்று இருந்த காலத்தில், செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு பள்ளிக்கூடம் போன சிறுமியின் காலில் கண்ணாடிச் சில்லு ஏறிய வடு அது. அன்றைக்குச் செருப்பைக் கழற்றச் சொன்ன மேலத்தெரு ஆளே ஒருநாள் நாடகத்துக்குத் தாம்பூலம் கொண்டுவந்தார். இருளாயி அவருக்கு நாற்காலி எடுத்துப் போட்டு, துடைத்து, உட்காருங்கய்யா என்று சிரித்தாள். அவர் போனபிறகு ஜம்பு அவளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"என்னாடா?"

"இல்ல, இவரு வந்தா மூஞ்சில முழிக்க மாட்டேன்னு சொல்லுவீங்க. போன தடவ எந்திரிச்சு உள்ள போயிட்டீங்க. இன்னைக்கு நாற்காலி தொடைக்கிறீங்க."

"எதுக்கு முழிக்க மாட்டேன்னு சொன்னேன்?"

அவன் சொன்னான். அவள் கேட்டுக்கொண்டிருந்தாள், யாரோ ஒரு சிறுமியின் கதையைக் கேட்பதுபோல. பாவமாக இருந்தது. அவ்வளவுதான் இருந்தது. வேனில் போகும்போது செருப்பைக் கழற்றி உள்ளங்காலை ஒருமுறை தடவிப் பார்த்தாள்.

"ஜம்பு, எனக்குக் கோவம் வரவேண்டிய எடத்துல கோவம் வரலடா," என்றாள். "அதையும் சேத்துப் பொதைச்சுட்டேன் போல."

அதற்குப்பிறகுதான் அவள் தன் உடம்பை எண்ணெய் விளக்கைப் பாதுகாக்கிறவள் மாதிரிப் பார்த்துக்கொள்ள ஆரம்பித்தாள். குளிக்கும்போது ஒவ்வொரு அங்குலமாகத் தடவிப் பார்த்தாள். எங்கும் எதுவும் இல்லை, கடையில் வாங்கிய பொம்மை மாதிரி. மிச்சம் இருந்தது அடிவயிற்றில், குறுக்கே, வயிற்றைக் கிழித்துச் செவ்வந்தியை எடுத்த கோடு. மகளின் மற்ற ஞாபகமெல்லாம் அந்தக் கோட்டைப் பிடித்துக்கொண்டு தொங்குவதுபோல அவளுக்குத் தோன்றியது. இது போனால், போனில் அம்மா என்று கூப்பிடுகிறவளிடம் யாரு தாயி நீ என்று மரியாதையாகக் கேட்டுவிடுவோம் என்று பயந்தாள். அடுத்த நாடகம் அரசங்காடு. அடுத்துச் சாவதற்கு அவளிடம் வேறு எதுவும் இல்லை.

அரசங்காட்டில் மேடைக்குப் பின்னால், வேஷம் கட்டும்போது அவள் வாத்தியாரிடம் கேட்டாள்.

"வாத்தியாரே, இன்னைக்கு நான் குடிக்கல. அணில் சேதிய முன்னாடியே சொல்ல வச்சிருங்க. தோழி ஓடி வரட்டும், ராசா கிண்ணத்தக் கீழ போடட்டும்."

"பாட்டு அப்படி இல்லையேம்மா."

"பாட்ட மாத்துங்க."

"மாத்துறதுக்கு நான் யாரு? எங்க தாத்தா காலத்துலேர்ந்து இப்படித்தான் பாடுறோம்."

"ஒங்க தாத்தா காலத்துல ராணி எந்திரிச்சு வீட்டுக்குப் போனா. இப்பப் போகலையே. அது மாறிருச்சுல்ல? அத மட்டும் எப்படி ஒத்துக்கிட்டீங்க?"

வாத்தியார் ஆர்மோனியப் பெட்டியைத் துடைத்தார். அவர் கெட்டவர் இல்லை. பாதி வருஷம் சும்மா கிடந்த கம்பெனிக்கு இப்போது தேதி ஒழியவில்லை, பழைய ஆட்களெல்லாம் திரும்பி வந்திருந்தார்கள், எல்லார் வீட்டிலும் அடுப்பு எரிந்தது. அது ஒருத்தி செத்து எரிகிற அடுப்பு என்று அவருக்குத் தெரியாமலும் இல்லை.

"ராசாவும்தாம்மா கஷ்டப்படுறான்," என்றார் மெல்ல. "அழுகுறான்ல."

"செத்தா போறான்?"

"அவனுக்கு அழுகைதான் தண்டனை."

"அப்ப எனக்கும் அழுகையவே குடுங்க. நானும் அழுதுட்டு டீ குடிச்சுட்டுப் போறேன்."

"வேணும்னா வேற ஸ்திரீபார்ட் யாரையாவது..."

"வேணாம்," என்றாள் அவள் உடனே. அதை அவளும் யோசித்திருந்தாள். வேறு ஒருத்தி வந்து படுப்பாள், அவளுடைய வடுக்கள் ஒவ்வொன்றாகப் போகும், அவளே அவளைக் குளிப்பாட்டுவாள். இதற்கு ஆள் மாற்றுவது ஒரு வழியா? "இன்னொருத்திய அனுப்பிட்டு நான் வீட்டுல சோறு திங்க முடியாது."

"கவலையெல்லாம் போகுது, உடம்பு நோவு போகுது, வயசு போகுது. நல்லதுன்னுதானே ஊர்ல சொல்லுறாக?"

"என் கவலை என்னுது வாத்தியாரே," என்றாள். சண்டை போடத்தான் ஆரம்பித்தாள், ஆனால் குரலில் சண்டை ஏறவில்லை. கோபம் புதைந்து கிடக்கிற ஊர் எது என்றுகூட இப்போது அவளுக்குச் சரியாகத் தெரியாது. எஞ்சி இருந்தது அலுப்பு மட்டும்தான். அலுப்புக்கு வடு கிடையாது போல, அதை எந்த ராணியும் கொண்டுபோகவில்லை. ஒவ்வொரு ஊரிலும் புதைக்கப் புதைக்க அது இவளிடமே வந்து சேர்ந்திருந்தது.

மத்தியானச் சோறு உண்டுவிட்டு ஜனங்கள் வந்து உட்கார்ந்தார்கள். கண்மாய்க்கரை ஓரம் குழி தயாராக இருந்தது, மண் குவியலின்மேல் ஒரு நாய் படுத்திருந்தது. ராஜா யுத்தத்துக்குப் போனான், வந்தான். வேலையில்லாதவன் வந்து சொன்னான். ராஜா கேட்டான்: மாடத்தில் நின்று சிரித்தாயோ? பாட்டில் ராணி மூன்று ராகம் மாற்றிப் பதில் சொல்ல வேண்டும். இருளாயி முதல் ராகத்தை எடுத்தாள். கதிரேசன் கிண்ணத்தை நீட்டினான். வெயில் தாழ்ந்திருந்தது. கீழே முன்வரிசையில் அம்பலத்தார் வீட்டுப் பெண் தாம்பாளத்தில் கோடியோடு எழுந்து தயாராக நின்றாள். இருளாயி கிண்ணத்தை வாங்கினாள். வாய்வரை கொண்டுபோனாள். ஆர்மோனியம் ஒரே சுரத்தில் இழுத்துக்கொண்டு நின்றது.

அவள் கிண்ணத்தைக் கீழே வைத்தாள். எறியவில்லை, கொட்டவில்லை. சிந்தாமல், பார்த்து, மேடைப் பலகையின் மேடு இல்லாத இடத்தில் வைத்தாள்.

"ஆமா கதிரேசா, சிரிச்சேன்," என்றாள். பாட்டாக இல்லை, சும்மா, ஆனால் மைக்கில் ஊருக்கே கேட்டது. "அணிலும் இல்ல, கினிலும் இல்ல. சிரிப்பு வந்துச்சு, சிரிச்சேன். அதுக்கு எத்தனையோ ஊர்ல செத்தாச்சு. இன்னைக்கு முடியலய்யா. அலுப்பா இருக்கு."

ஆர்மோனியம் நின்றது. கூட்டத்தில் யாரோ இருமினார்கள். அரசங்காட்டு அம்பலம் துண்டைத் தோளில் சரிசெய்துகொண்டு எழுந்தார்.

"ஏத்தா, குழி வெட்டியாச்சே?"

"மூடிருங்கய்யா. மழைத்தண்ணி நிக்கும், புள்ளைக விழுந்துரும்."

"அது சரி, நீ சாகாம மங்களம் எப்படிப் பாடுறது? மங்களம் பாடாம நாங்க எப்படி எந்திரிச்சுப் போறது?"

"போக வேணாம், இருங்க. எனக்கென்ன அவசரம்," என்று சொல்லிவிட்டு, கிரீடத்தைக் கழற்றி ஓரமாக வைத்து, மேடையிலேயே ஒருக்களித்துப் படுத்தாள். ஒரு கையைத் தலைக்கு வைத்துக்கொண்டாள். இன்னொரு கையை அடிவயிற்றில், அந்தக் கோட்டின்மேல், பொத்தி வைத்துக்கொண்டாள். இரண்டு தரம் மூச்சை இழுத்து விட்டாள். தூங்கிப் போனாள்.

தாம்பாளக்காரி மேடை ஏறி வந்து, கோடியை விரிக்கப் போனவள், குனிந்து பார்த்தாள். முந்தானை ஏறி ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. "மூச்சு வருது," என்றாள் திரும்பி. பிறகு, எல்லாரும் அவளையே பார்க்கிறார்கள் என்பதால், "உசுரு உள்ளவளுக்கு எவளாச்சும் கோடி போடுவாளா?" என்று கேட்டுவிட்டு, சேலையை மடித்துத் தாம்பாளத்தில் வைத்து, அதைத் தன் பின்னால் தள்ளிவிட்டு, தூங்குகிறவளின் கால்மாட்டில் உட்கார்ந்துகொண்டாள்.

"எழுப்புங்கப்பா," என்றார் ஒருவர் ஆண்கள் பக்கமிருந்து. "பொழுது போகுதுல்ல."

"எழுப்பி? குடிக்கச் சொல்லுவீக," என்றது பெண்கள் பக்கமிருந்து ஒரு குரல். "அந்த வெசத்தக் குடிக்கிறதுக்கு எதுக்கு எழுப்பணும். தூங்கட்டும். நாமளும் என்னைக்குச் சாமி பகல்ல கண்ண மூடியிருக்கோம்."

"அப்ப நாங்க?"

"இருங்க. நாங்க இருக்கல?"

மைக் செட்காரர் எழுந்துபோய், கேட்காமலேயே, மைக்கை அணைத்தார். பிள்ளைகள் தாய்மார் மடியில் சாய்ந்தார்கள். விளக்கு வைக்கிற நேரம் வந்தது, யாரோ ஒரு விளக்கைக் கொண்டுவந்து கண் கூசாத தூரத்தில் வைத்தார்கள். மங்களம் இல்லாமல் எழுந்து போக யாருக்கும் தைரியமில்லை, எழுப்புவதற்கும் யாருக்கும் தைரியமில்லை. அருணகிரி வாத்தியார் பெட்டியின்மேல் கையை வைத்தபடி தலையைக் குனிந்துகொண்டிருந்தார். இருளாயியிடமிருந்து மெல்லிய குறட்டை ஒன்று கிளம்பி, சீராக, ஊரின்மேல் பரவியது.

தூங்குகிறவளை எவ்வளவு நேரம்தான் பார்த்துக்கொண்டிருப்பது. இத்தனை வருஷமாக ராணி சாவதைப் பார்த்தே பழகிய கண்கள், மேடையில் பார்ப்பதற்கு வேறு ஒன்றும் இல்லாததால், மெதுவாக, முதலில் பெண்களுடையவை, அப்புறம் ஒவ்வொன்றாக மற்றவையும், நகர்ந்து ராஜாவிடம் வந்து நின்றன. கதிரேசன் கிண்ணத்துக்குப் பக்கத்தில், வாளோடும் மாலையோடும், போகவும் தெரியாமல் உட்காரவும் தெரியாமல் நின்றுகொண்டிருந்தான். வேர்த்த வேர்வையில் மை இறங்கி மீசை வரை வந்திருந்தது. அவன் இந்தப் பக்கம் பார்த்தான். அந்தப் பக்கம் பார்த்தான். கிண்ணத்தைப் பார்த்தான். ஊரும் கிண்ணத்தைப் பார்த்தது, பிறகு மறுபடி அவனைப் பார்த்தது.

"என்னைய ஏன் பாக்குறீங்க?" என்றான் ராஜா.